நாலாவது ஆள்

மூன்று பேராகக் கிளம்பினால் போன காரியம் உருப்படாது என்பது உடுமலைப்பேட்டைக் கணக்கு. பெண் பார்க்கப் போனாலும் சரி, பத்திரம் பதியப் போனாலும் சரி, ஆள் மூன்றுதான் தேறுகிறது என்றால் வாசலில் கிடக்கிற கல்லொன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வார்கள். நாலு பேர் ஆகிவிட்டது, விதிக்கே டிமிக்கி கொடுத்தாகிவிட்டது. போன இடத்தில் காலை வைத்ததும் கல்லைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு வந்த வேலையைப் பார்ப்பார்கள். அதற்கு மேல் அந்தக் கல்லுக்கு மரியாதை கிடையாது.

திருமூர்த்திக்கும் இது தெரியும். ஆனால் இரண்டாயிரத்து ஆறாம் வருஷம் ஆகஸ்ட் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை காலையில், அமெரிக்காவில் அவன் குடியிருந்த பிளெய்ன்ஸ்பரோவிலிருந்து மெய்ன் மாநிலத்துக்குக் காரைக் கிளப்பியபோது அவனுக்கு இதெல்லாம் ஞாபகத்தில் இல்லை. இருந்திருந்தாலும் அந்த அபார்ட்மென்ட் வாசலில் கல்லுக்கு எங்கே போவது? அங்கே கிடப்பதெல்லாம் புல்லும் மரச்சீவலும்தான்.

காரில் மூன்று பேர். மருந்துக் கம்பெனியொன்றில் டேட்டாபேஸ் பார்க்கிற திருமூர்த்தி, அவன் மனைவி ஸ்வர்ணா, ஆறு வயது மகள் தீக்ஷா. நாலு பேராக இருந்திருக்க வேண்டியவர்கள். போன அக்டோபரில், எட்டாம் மாசத்தில், வயிற்றுக்குள்ளேயே பிள்ளை அசைவை நிறுத்திவிட்டது. ஆண் பிள்ளை. அன்றையிலிருந்து ஸ்வர்ணா வீட்டில் இருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். சமைத்தாள், துவைத்தாள், மகளை ஸ்கூல் பஸ் ஏற்றினாள். சாப்பிட உட்கார்ந்தால் நாலு வாய், பேச உட்கார்ந்தால் இரண்டு வார்த்தை, அத்தோடு சரி.

திருமூர்த்தி கெட்டவன் இல்லை. ஆனால் எந்தத் துக்கத்தையும் லீவு போட்டு, மோட்டல் புக் பண்ணி, இன்டர்நெட்டிலிருந்து வழியை பிரின்ட் எடுத்துச் சரி பண்ணிவிடலாம் என்று நம்புகிற ரகம். வீட்டுக்குப் பக்கத்தில் ஓடுகிற அதே ரூட் ஒன் சாலைதான் மெய்ன் கடற்கரை வரைக்கும் போகிறது. அதன் மறுமுனையில் பழைய ஸ்வர்ணா எங்கேயாவது கிடைப்பாள், கூட்டிக்கொண்டு வந்துவிடலாம் என்பதுதான் அவன் வேண்டுதல். அவனுக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

வெள்ளி இரவு போர்ட்லாண்டில் தங்கினார்கள். சனிக்கிழமை கடலை ஒட்டிய சாலை. வெயில் காய்ந்துகொண்டே இருக்கும், ஒரு வளைவு திரும்பினால் கண்ணை மறைக்கிற பனிமூட்டம், அடுத்த வளைவில் மறுபடியும் வெயில். மத்தியானம் ஒரு மேட்டில் காரை நிறுத்தி, ஐஸ் பெட்டியிலிருந்து தயிர்சாதத்தை எடுத்தபோது ஸ்வர்ணா சட்டென்று கையை நிறுத்தினாள்.

"ஏனுங்க, மூணு பேரா வந்துட்டமுங்க."

"அதுக்கென்ன இப்போ?"

"கல்லு எடுக்கவே இல்லீங்க. மறந்தே போயிட்டேன்."

அவளாக வாய் திறந்து மூன்று வாக்கியம் பேசியதில் திருமூர்த்திக்குத் தலைகால் புரியவில்லை. "கல்லுக்கா பஞ்சம்? இந்த ஊர் பீச்சுல மண்ணே கிடையாது, பூரா கல்லுதான். உனக்குப் புடிச்சதா பார்த்து ஒண்ணு எடுத்துக்க, போ" என்றான். பிற்பாடு அவனை அறுத்துக்கொண்டே இருந்தது இந்த வார்த்தைதான். எடுத்துக்கச் சொன்னது அவன்தான்.

ஸ்வர்ணா கடல் பக்கம் இறங்கவில்லை. மேட்டின் ஓரமாக, புல் வளர்ந்து கிடந்த இடத்துக்கு நடந்தாள். அங்கே தரையோடு தரையாகப் பலகைக் கற்கள் புதைந்திருந்தன. சிலவற்றின் மேல் ஒவ்வொரு வெள்ளைக் கல் உட்கார்ந்திருந்தது. யாரோ பிக்னிக் வந்தவர்கள் விளையாட்டுக்கு வைத்தது என்று தூரத்திலிருந்து பார்த்த திருமூர்த்தி நினைத்தான். அவள் குனிந்து ஒன்றை எடுத்தாள். லட்டு அளவுக்கு இருந்தது. கைக்குட்டையில் சுற்றி ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொண்டு வந்தாள்.

"இப்ப சரியாப் போச்சுங்க" என்றாள்.

சாயங்காலம் சாலையோரத்து ரெஸ்டாரன்டில் உட்கார்ந்தார்கள். பரிமாறுகிற பெண் நாலு டம்ளரில் ஐஸ் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குழந்தைகள் கிறுக்குவதற்கு க்ரேயான் பாக்கெட் கொடுப்பார்களே, அதில் தீக்ஷா முன்னால் ஒன்று, பக்கத்துக் காலி நாற்காலிக்கு முன்னால் இன்னொன்று.

"நாங்க மூணு பேர்தான்" என்றான் திருமூர்த்தி.

அவள் அந்த நாற்காலியைப் பார்த்தாள். முகத்தில் சிரிப்பு இருந்த இடத்தில் குழப்பம் வந்தது. "சாரி, நான் நினைச்சேன்..." என்றவள், என்ன நினைத்தாள் என்று சொல்லாமல் டம்ளரை மட்டும் எடுத்துக்கொண்டு போனாள். க்ரேயானை ஸ்வர்ணா எடுத்து ஹேண்ட்பேக்கில் வைத்தாள். அந்த நாற்காலியில்தான் ஹேண்ட்பேக் இருந்தது.

மோட்டலிலும் அதே கூத்து. ரிசப்ஷனில் இருந்த நரைத்த தலை அம்மாள் சாவியைக் கொடுக்கும்போது, குழந்தைக்குத் தொட்டில் வேண்டுமா என்று கேட்டாள். எங்களுக்கு ஆறு வயசுப் பெண் மட்டும்தான், வேண்டாம் என்றான். சாமான்களை இறக்கிக்கொண்டு அறைக்குள் போனால், ஜன்னலோரமாகத் தொட்டில் விரித்து, வெள்ளைத் துணி போட்டுத் தயாராக நின்றது.

"நான் வேண்டாம்னுதானே சொன்னேன்! இந்தம்மாவுக்குக் காது கேக்காதா?"

"இருக்கட்டும் விடுங்க. இடத்தை அடைக்கிறதா என்ன?" என்றாள் ஸ்வர்ணா.

அமெரிக்காவில் மோட்டலுக்குப் போகிற தமிழன் ரைஸ் குக்கர் இல்லாமல் போவதில்லை. பாத்ரூம் கதவைத் திறந்துவைத்து, புகை அலாரம் கத்தாமல் அன்றைக்குச் சோறு வடித்தார்கள். ஸ்வர்ணா காகிதத் தட்டுகளைப் பரப்பினாள். நாலு. திருமூர்த்தி ஒன்றை எடுத்து அடுக்கில் வைத்தான். அவள் அதைத் திரும்ப எடுத்து வைத்தாள். அப்புறம் உட்கார்ந்து, பருப்புப்பொடியும் நெய்யும் பிசைந்து வயிறாரச் சாப்பிட்டாள், பத்து மாசத்தில் முதல் தடவையாக. இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டாள். அவள் சாப்பிடுவதைப் பார்த்தால் அவனுக்குச் சந்தோஷம். நாலாவது தட்டின் பக்கம் மட்டும் அவன் திரும்பவில்லை. போன இடம் சேர்ந்ததும் தூக்கிப் போட வேண்டிய கல் தொட்டிலில் இருந்தது.

மறுநாள் திமிங்கலம் பார்க்கப் படகு. ஏறினவர்கள் எல்லாரும் உட்கார்ந்த பிறகு, ஒரு ஆள் கையில் எண்ணுகிற கருவியோடு பெஞ்ச் பெஞ்சாக வந்தான். தலைக்கு ஒரு அமுக்கு, ஒரு 'டிக்'. திருமூர்த்தி குடும்பத்தைத் தாண்டும்போது நாலு தடவை டிக் என்றது. திருமூர்த்தி அதைக் காதால் கேட்டான்.

டிக்கெட் எண்பத்து நாலு. தலை எண்பத்தைந்து. மறுபடி எண்ணினான். எண்பத்தைந்து. யாரோ டிக்கெட் இல்லாமல் ஏறிவிட்டார்கள் என்று எல்லாரையும் டிக்கெட்டை உயர்த்திப் பிடிக்கச் சொன்னார்கள். எல்லார் கையிலும் இருந்தது. படகு ஓட்டுகிறவரே கீழே இறங்கி வந்து, விரலை நீட்டி ஒவ்வொருவராக எண்ணினார். எண்பத்தைந்து. வெயிலில் உட்கார்ந்திருந்த சனம் முணுமுணுக்க ஆரம்பித்தது.  ஸ்வர்ணா மடியில் ஹேண்ட்பேக்கை வைத்து, அதன் மேல் கையை வைத்து, கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் அந்த மனுஷர் தோளைக் குலுக்கிவிட்டு ஒரு தாளில் ஏதோ எழுதிக்கொண்டு படகை எடுத்தார்.

தீக்ஷா அப்பாவின் காதோரம் வந்து கிசுகிசுத்தாள். "அப்பா, ஹி டிட்ன்ட் ஹேவ் எ டிக்கெட்."

"யாரு கண்ணு?"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தன் கேள்வியை நினைத்தே அவனுக்குச் சீ என்றாகிவிட்டது. குழந்தையிடம் போய் யார் என்று கேட்டிருக்கிறான்! அன்றைக்குத் திமிங்கலம் வந்ததாம். எல்லாரும் கூவினார்கள். அவன் பார்க்கவில்லை.

சாயங்காலம் மோட்டலுக்குப் பின்னாலிருந்த கடற்கரையில் மூட்டம் இறங்கியது. தீக்ஷா டிவி பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்வர்ணாவைக் காணோம். தொட்டிலைப் பார்த்தான், காலி. செருப்புக்கூடப் போடாமல் ஓடினான். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பேர் சொல்லிக் கத்திக்கொண்டே தண்ணீர் வரைக்கும் போனான். மெய்ன் கடல் ஆகஸ்டிலும் காலை வைத்தால் எலும்பு வலிக்கிற குளிர். அதில் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள், கைக்குட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, ஆடி ஆடி.

"அடி பைத்தியமே! என்ன பண்றே இங்க?"

"குளிப்பாட்டறேனுங்க. ஒரு நாளாவது குளிப்பாட்டினமா அவனை?" பல் கிட்டிக்கொண்டிருந்தது, ஆனால் குரலில் அத்தனை நிம்மதி. "இன்னும் நாலு அடி உள்ள போகலாங்கறான்."

அவளைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு கரையேறினான். அவள் முரண்டு பிடிக்கவே இல்லை. அதுதான் அவனுக்கு இன்னும் பயமாக இருந்தது. கம்பளியைச் சுற்றி, சூடாகப் பால் கொடுத்து, அவள் தூங்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பெண்டாட்டியை மீட்கக் கிளம்பி வந்தவன் பெண்டாட்டியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பப் போகிறான் என்று மனசு அடித்துக்கொண்டது. இந்தக் கல் இனி ஒரு நாளும் இவர்களோடு இருக்கக்கூடாது.

விடிந்தும் விடியாத நேரத்தில் கல்லை எடுத்து ஜீன்ஸ் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு காரை எடுத்தான். நாற்பது நிமிஷ ஓட்டம். கடலில் வீசி எறியலாம் என்றுதான் முதலில் நினைத்தான். நேற்று அவள் நின்ற நிலையை நினைத்ததும் கை வரவில்லை. எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவது மேல்.

அந்த மேட்டில், சனிக்கிழமை கண்ணில் படாத ஒரு மரப்பலகை புதருக்குள் நின்றது. படித்தான். இருநூறு வருஷத்துக்கு முன்னால் ஒரு குளிர்காலத்தில் தொண்டை அடைப்பு நோய் வந்து, பிறந்து சில நாளே ஆன குழந்தைகள் வரிசையாகப் போய்விட்டார்களாம். பெயர் வைக்கும் முன்பே போனவர்கள். செதுக்குவதற்குப் பெயர் இல்லாததால், தாய்மார்கள் ஆளுக்கொரு வெள்ளைக் கல்லைக் கடற்கரையிலிருந்து பொறுக்கிக்கொண்டுவந்து வைத்தார்கள். தயவுசெய்து எடுக்காதீர்கள் என்று கடைசி வரி.

திருமூர்த்திக்கு உச்சந்தலையிலிருந்து மயிர்க்கூச்செறிந்தது. பலகைக் கற்களில் பாதிக்கு மேல் காலியாக இருந்தன. எதன் மேலிருந்து எடுத்தாளோ யார் கண்டது? கைக்குக் கிடைத்த ஒன்றின் மேல் வைத்துவிட்டு, சுடுகாட்டிலிருந்து வருகிறவன் மாதிரி திரும்பிப் பார்க்காமல் வந்து காரில் ஏறினான். இனி மூன்று பேர். பாரம் இறங்கியது.

மோட்டலில் காலைச் சாப்பாட்டு அறையில் ஸ்வர்ணாவும் தீக்ஷாவும் உட்கார்ந்திருந்தார்கள். அவனும் போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். நரைத்த தலை அம்மாள் தட்டுகளோடு வந்தாள். எண்ணிப் பார்த்தான். மூன்று. அப்பாடா என்று மூச்சு விட்டான். அவள் ஒரு தட்டை ஸ்வர்ணா முன்னால் வைத்தாள், ஒன்றைத் தீக்ஷா முன்னால் வைத்தாள், மூன்றாவதை இரண்டு பேருக்கும் நடுவிலிருந்த காலி நாற்காலிக்கு முன்னால் வைத்தாள்.

"எனக்கும் ஒண்ணு வேணும்" என்றான்.

அவள் காதில் வாங்கவில்லை. "இன்னொண்ணு வேணும்" என்று சத்தமாகச் சொன்னான். அவள் அவன் தலைக்கு மேலாகக் கதவைப் பார்த்தாள், அப்புறம் ஸ்வர்ணா பக்கம் குனிந்து, "உன் வீட்டுக்காரர் இன்னும் வரவில்லையா?" என்று பரிவாகக் கேட்டாள்.

திருமூர்த்திக்கு உட்கார்ந்த இடம் ஜில்லிட்டது. தன் கையைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

ஸ்வர்ணாவுக்கு அவன் தெரிந்தான். நேராக அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "எங்கீங்க அவன்?"

"எடுத்த இடத்துலயே வெச்சுட்டேன். அது குழந்தைங்களைப் பொதச்ச இடம் ஸ்வர்ணா. தெரியாம எடுத்துட்டோம். விட்டுத் தொலை, நீ நல்லா ஆகணும், எனக்கு நீ வேணும்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் தீக்ஷாவின் வாயைத் துடைத்துவிட்டு எழுந்தாள். "வண்டியை எடுங்க" என்றாள்.

வழியெல்லாம் மூட்டம்.  மேட்டில் காரை நிறுத்தியதும், "நீ உள்ளயே இரு சாமி" என்று மகளிடம் சொல்லிவிட்டு இரண்டு பேரும் இறங்கினார்கள். புல் வளர்ந்த இடத்துக்குப் போன திருமூர்த்தி அப்படியே நின்றுவிட்டான். ஒரு பலகைக் கல்கூடக் காலியாக இல்லை. விடிகாலையில் வெறுமையாகக் கிடந்த எல்லாவற்றின் மேலும் இப்போது வெள்ளைக் கல், லட்டு அளவில், ஒன்றுபோல் ஒன்று.

"எதுங்க?" என்றாள் ஸ்வர்ணா.

ஒன்றை எடுத்தான். ஈரம், குளிர். இன்னொன்று. அதுவும் அதே ஈரம், அதே குளிர். மண்டியிட்டு, தவழ்ந்து, வரிசையாக எடுத்து எடுத்து வைத்தான். "தெரியல ஸ்வர்ணா. எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. எனக்கு அடையாளம் தெரியல."

"எப்படித் தெரியும்?" அவள் குரல் உயரவே இல்லை. "ஆஸ்பத்திரில நர்ஸ் துணில சுத்திக் கொண்டாந்து, அப்பாவும் பாக்கட்டும்னு நின்னா. நீங்க காரிடார்ல ஃபார்ம்ல சைன் பண்ணிட்டு நின்னீங்க. உள்ள வரவே இல்லை. நான் பாத்தேனுங்க. உங்க மூக்கு அவனுக்கு. உங்க நெத்தி. அப்படியே தூங்கற மாதிரி இருந்தான்."

திருமூர்த்தி கையிலிருந்த கல்லைக் கீழே வைத்தான். பயந்துபோய்த்தான் உள்ளே போகவில்லை. பார்த்துவிட்டால் பிள்ளை என்று ஆகிவிடும், பார்க்காவிட்டால் வெறும் ஃபார்மோடு போய்விடும் என்று நினைத்தான். பத்து மாசமாக இந்த நினைப்பின் மேல் உட்கார்ந்துதான் ஆபீஸ் போய்வந்தான். இப்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது, வாய்விட்டு அழுதான்.

"நீ கூப்பிடு ஸ்வர்ணா. நீ கூப்பிட்டா வருவான்."

"என்ன சொல்லிக் கூப்பிடறது? மொதப் பையனுக்கு உங்கப்பா பேருதானே உங்க வீட்டு வழக்கம்? மாமா பேரை நான் வாயெடுத்துச் சொல்றதா? கல்யாணம் ஆன நாள்ல இருந்து ஒரு நாள் சொல்லியிருக்கேனா?" இப்போதுதான் அவள் குரல் உடைந்தது. "பேர் சொல்லி அழக்கூட எனக்கு வழியில்லைங்க. நீங்க ஒருக்கா சொல்லியிருந்தா, அதைக் கேட்டுட்டாவது அழுதிருப்பேன்."

அவன் எழுந்து நின்றான். எதிரே கடல் இருந்தது, சத்தம் மட்டும் கேட்டது. முதல் தடவை காற்றுதான் வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"மாரிசாமி" என்றான்.

அந்த மூட்டத்தில், அந்த அந்நியக் கடல் ஓரத்தில், உடுமலைப்பேட்டைச் சந்தையில் கூப்பிட்டால் பத்துப் பேர் திரும்புகிற பேர். "டேய் மாரிசாமி! அப்பா வந்திருக்கேன்டா! வாடா சாமி!" தொண்டை கிழியக் கத்தினான். கத்திவிட்டு நின்றான். அலைச் சத்தமும் நின்றுபோன மாதிரி இருந்தது. ஸ்வர்ணா அவன் சட்டையின் முதுகைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டாள்.

கார்க் கண்ணாடி இறங்குகிற சத்தம் கேட்டது.

"அப்பா!" தீக்ஷாவின் குரல், அலுத்துக்கொள்கிற குரல். "ஹி இஸ் இன் த கார். ஹி சேஸ் யூ டோன்ட் ஹேவ் டு ஷவுட்."

இரண்டு பேரும் காருக்கு நடந்தார்கள். பின் சீட்டில் தீக்ஷாவுக்குப் பக்கத்து இடத்தில் சீட் பெல்ட் போட்டு மாட்டியிருந்தது. அங்கே கல் எதுவும் இல்லை. பெல்ட் தொய்ந்து விழாமல், ஒரு சின்ன உருவத்தைச் சுற்றி நிற்கிற அளவுக்கு முன்னால் தள்ளி நின்றது.

ஸ்வர்ணா முன்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். திருமூர்த்தி டிரைவர் பக்கம் போகவில்லை. பின்கதவைத் திறந்து, குனிந்து, தலையை உள்ளே நீட்டினான்.

"கொஞ்சம் தள்ளிக்க கண்ணு" என்றான் மகளிடம். "அப்பா இன்னும் அவன் மூஞ்சியைப் பாக்கலை."